காய்கறி விற்றவரும் சட்டசபையில் அமர்ந்தவரும்

1971-ஆம் ஆண்டு. கல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, வயிற்று நோயால் துடித்துக்கொண்டிருந்த ஒரு விவசாயக் கூலியை டாலிகஞ்சில் இருந்த மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் சாதன் சந்திர மிஸ்திரி. உடனே வைத்தியம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளக்கூடிய நோய்தான். ஆனால் கையில் காசில்லை, சிபாரிசு சொல்ல ஆளில்லை, அதனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று அவருடைய மனைவி பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். சாதன் இறந்துபோனார். மனைவி சுபாஷினிக்கு அப்போது 23 வயது. 12 வயதில் கல்யாணம் ஆனவர். எழுதப் படிக்கத் தெரியாது. கையில் நான்கு குழந்தைகள்.

அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன், 1923-இல், சென்னையில் ஒரு டாக்டரின் தங்கை இறந்தார். தங்கையின் பெயர் சுந்தரம்பாள். சீதபேதி என்று நினைத்து முதலில் அதற்கே வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காதான் அந்த டாக்டர்: முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஊரில் பெரிய டாக்டர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய இடத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவராலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு பெண்களும் துக்கத்தின் நடுவே ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். இருவருமே கட்டினார்கள். சாதனைப் பெண்கள் பட்டியல்களில் இருவர் பெயரும் தனித்தனியே இடம்பெறுவதுண்டு. ஆனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒரு மனிதர் தன் ஆயுள் முழுவதையும் பிறருக்குக் கொடுப்பது நடைமுறையில் எப்படி நடக்கிறது, அதற்கு யார் யார் விலை கொடுக்கிறார்கள் என்பது தெரிகிறது.

முதலில் அந்த இரண்டு மரணங்கள். சாதன் இறந்த அதே 1971-இல், அதே மேற்கு வங்கத்தில், எல்லையோர ஊரான பன்காவில் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா கொத்துக் கொத்தாக உயிர் குடித்துக்கொண்டிருந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே டம்ளரில் மொண்டு புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3, 4 பேராகக் குறைந்தது. இன்று நம் வீட்டுக் குழந்தைக்குப் பேதி கண்டால் மருந்துக்கடையில் வாங்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை உலகம் நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான். கல்கத்தாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த முகாம். சாதனுக்கு அந்தக் கரைசல் போதுமானதாக இருந்திருக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மாநிலத்தின் ஒரு பக்கம் மருத்துவ வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு பக்கம் ஒருவர் கவனிப்பாரின்றி இறந்தார். அறிவு இருந்தது, மருந்தும் இருந்தது. அவருக்கும் அவற்றுக்கும் நடுவே வறுமை நின்றது.

சுந்தரம்பாளின் கதை வேறு. அங்கே பணமும் கவனிப்பும் இருந்தன, அறிவு போதவில்லை. 1923-இன் இந்தியாவில் புற்றுநோய் என்றால் அறுவை, கிடைத்தால் ரேடியம், இல்லாவிட்டால் விதி. நோயைக் கண்டுபிடிப்பதற்கே டாக்டர்களுக்குப் பயிற்சி கிடையாது. ஆகவே ஒருவர் கட்ட நினைத்தது காசில்லாதவனையும் உள்ளே விடுகிற ஒரு வாசலை. மற்றவர் கட்ட நினைத்தது நாட்டிலேயே பெரும்பாலும் இல்லாத ஒரு மருத்துவத் துறையை. பின்னால் வரும் வேறுபாடுகள் எல்லாம் இங்கே தொடங்குகின்றன.

முத்துலட்சுமியின் கையில் என்ன இருந்தது? 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தவர். எதிர்ப்பைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண் என்பதால், அவருக்கு யாரிடமும் போய்க் கேட்பதில் கூச்சம் இருந்ததில்லை. 1925-இல் லண்டன் சென்று அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் பயின்றார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினர், பிறகு அதன் துணைத் தலைவர். பிரிட்டிஷ் இந்தியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-இல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டார். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களை ஏற்க வேறு விடுதி இல்லாததால் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லம் ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கையின் மரணத்துக்குப் பிறகு முத்துலட்சுமி புற்றுநோய் மருத்துவமனையை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவருடைய பொதுவாழ்வின் மிகப் பெரிய வேலைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்தன. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். கேட்டவர்கள் கைதட்டியிருக்கலாம், கை கொடுக்கவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டத் தொடங்கினார். நாடு சுதந்திரம் அடைந்து, அவரே முதுமையின் வாசலில் நின்ற பிறகு, ஜவஹர்லால் நேரு 1952 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள்.

சுபாஷினிக்கு அந்த 'மற்ற வேலைகள்' என்ற ஆடம்பரம் இல்லை. அவருடைய இடைவெளியை நிரப்பியது கூலி. வீட்டு வேலை செய்தார், செங்கல் சுமந்தார், சாம்பல் பொறுக்கினார். கல்கத்தாவின் குப்பை மேடான தாபா பக்கம் குடியேறி, அங்கே விளைந்த காய்கறியை பார்க் சர்க்கஸ் பக்கம் கொண்டுபோய் விற்றார். தாபாவின் மண் வளமான மண். நகரத்தின் கழிவையெல்லாம் தின்று அதைக் காலிஃபிளவராகவும் கீரையாகவும் திருப்பிக் கொடுக்கிற மண். காய்கறிக் கூடையில் வந்த காசில் குடும்பச் செலவு போகத் தபால் ஆபீஸில் சேர்த்தார். நல்ல புடவை வாங்கவில்லை. குடிசையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டிக்கொள்ளவில்லை. யாரிடமும் எதற்காகச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை. 1992-இல், கணவரோடு வாழ்ந்த ஹான்ஸ்புகுர் கிராமத்தில், 10,000 ரூபாய்க்கு ஒரு ஏக்கர் நிலம் வாங்கினார். டாலிகஞ்சிலிருந்து தென்மேற்காக, தாகுர்புகுருக்கு அப்பால், அன்று நகரம் எட்டியிராத பகுதி அது. கணவர் இறந்து 21 ஆண்டுகள்.

இந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு துக்கத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1931-இல் தொழிலதிபர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே தொராப்ஜியும் காலமானார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைச் செல்வத்தில் 1941-இல் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. பெருந்தனக்காரர் வீட்டுத் துக்கம் கட்டடமாக மாறப் பத்து ஆண்டு. டாக்டரும் சட்டசபை உறுப்பினருமான ஒருவருக்கு 31. காய்கறி விற்ற ஒருவருக்கு 22. மூன்றும் ஒரே அளவு வேலைகள் இல்லை என்பது உண்மைதான். தென்னங்கீற்றுக் கொட்டகையையும் ரேடியம் வைக்கும் அறையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. இருந்தாலும் அந்த 22 என்ற எண்ணை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் வசதி வந்தபின் நல்லது செய்வோம் என்று தள்ளிப்போடுகிற எல்லோருக்கும் அந்த எண் பதில் சொல்கிறது.

ஆனால் சுபாஷினியின் கதையில் எல்லோரும் வியந்து சொல்கிற இந்தச் சேமிப்பைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்கு அடுத்து நடந்தது. 21 ஆண்டு வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வாங்கிக் கொடுத்தது நிலத்தை மட்டும்தான். அந்த நிலத்தில் ஆஸ்பத்திரியை எழுப்பியது வேறொன்று. ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினார். சிலர் மூங்கில் கொடுத்தார்கள், சிலர் கீற்றும் பலகையும் கொடுத்தார்கள், கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். 1993-இல் இருபது அடிக்கு இருபது அடியில் ஒரு கொட்டகை எழுந்தது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, ஏழைகளுக்காக வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குங்கள் என்று டாக்டர்களையும், மீந்த மருந்தைத் தாருங்கள் என்று குடியிருப்பவர்களையும் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். முதலில் ஒரு டாக்டர் வந்தார், அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். முதல் நாளிலேயே 252 நோயாளிகள். மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தபோது சாலையில் வைத்தும் வைத்தியம் பார்த்தார்கள். 1996 மார்ச்சில், அப்போதைய மேற்கு வங்க ஆளுநர் ரகுநாத ரெட்டி, சிமெண்டுக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 'ஹியூமானிட்டி ஹாஸ்பிடல்' என்பது அதன் பெயர்.

அதாவது, தனியாகச் சேர்த்தபோது 21 ஆண்டு ஆனது. ஊரைக் கேட்டபோது ஏறக்குறைய ஒரு வருஷத்தில் கொட்டகை எழுந்தது. முத்துலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தார். மேடையில் கேட்டார், அரசாங்கத்தைக் கேட்டார், மாதர் சங்கத்தைக் கேட்டார். அவருக்கு 31 ஆண்டு ஆனது. அப்படியானால் கேட்பதால் பயனில்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டவர்கள் இன்னும் புற்றுநோயைத் தங்கள் வீட்டு நோயாகப் பார்க்காதவர்கள், சுபாஷினி கேட்டவர்கள் ஒவ்வொருவரும் சாதன் போன்ற ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். தேவையை உடம்பால் அறிந்தவன் மூங்கில் கொடுக்க யோசிப்பதில்லை. அதோடு, அந்த ஊர்க்காரர்கள் சுபாஷினியின் 21 வருஷத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். தன் வாயைக் கட்டிச் சேர்த்தவர் வந்து கேட்கும்போது மறுப்பது எளிதில்லை. அவருடைய சேமிப்பின் உண்மையான மதிப்பு அந்த 10,000 ரூபாயில் இல்லை, அது சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையில் இருந்தது.

இனி பிள்ளைகள். இரண்டு கதைகளும் மிக அருகில் வருவது இங்கேதான், எனக்கு மனம் மிகவும் சங்கடப்படுவதும் இங்கேதான். முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி டாக்டரானார். புற்றுநோய் மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அம்மாவின் 12 படுக்கை ஆஸ்பத்திரிக்கே ஆயுளைக் கொடுத்தார். சுபாஷினியின் மகன் அஜயும் டாக்டரானார். அம்மாவின் ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பியதிலும் நடத்தியதிலும் பெரும்பங்கு அவருடையது. ஒரு தாய் தன் சபதத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றினால் அது பிள்ளைக்குச் சுமையா, சொத்தா? கிருஷ்ணமூர்த்திக்கு அது சொத்தாக இருந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். வாய்ப்புகள் நிறைந்த வீட்டில் பிறந்தவர், வேறு வழியும் அவருக்குத் திறந்திருந்தது. அஜயின் பிள்ளைப் பருவம் அப்படிப்பட்டதில்லை. சோறு போட முடியாமல் அம்மா அவரை ஓர் அநாதை இல்லத்தில் விட்டார். தாய் உயிரோடு இருக்கும்போதே அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளை அவர். நான்கு பிள்ளைகளில் டாக்டர் படிப்பு ஒருவருக்குத்தான் வாய்த்தது.

தபால் ஆபீஸில் சேர்ந்த காசு பிள்ளைகளின் தட்டிலிருந்தும்தான் எடுக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் சுபாஷினியைப் புகழ்வது அவரைச் சிலையாக்கிவிடும். கொடை என்று நாம் கொண்டாடும்போது கொடுப்பவரின் பெயரை மட்டும் எழுதுகிறோம். அந்த வீட்டில் ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டவர்களும் கொடுத்தவர்களே. அஜய் கசப்போடு விலகிப் போயிருந்தால் அதில் குற்றம் காண யாருக்கும் உரிமை இருந்திருக்காது. அவர் விலகவில்லை. அதுதான் இந்தக் கதையில் இரண்டாவது கொடை, என் பார்வையில் முதலாவதற்குக் குறைந்ததில்லை.

அடையாற்றிலும் இரண்டாவது கொடை உண்டு, ஆனால் அது இரத்த உறவுக்கு வெளியேயிருந்து வந்தது. 1955-இல், அரசு மருத்துவமனையில் நல்ல பதவி கைக்கு வந்திருந்த நேரத்தில், அதை விட்டுவிட்டு டாக்டர் வி. சாந்தா அந்தச் சின்ன மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அதன் வளாகத்திலேயே குடியிருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதுவே அவர் வீடு. முத்துலட்சுமி 1968-இல் மறைந்துவிட்டார். 12 படுக்கைகள் 400-க்கும் மேலாகப் பெருகி, நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ வைத்தியம் தருகிற நிறுவனமாக அதை வளர்த்தது கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும். தங்கையை இழந்த அக்காவின் துயரம், அந்தத் தங்கையைப் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் 66 வருஷ உழைப்பாக மாறியது. ஒரு நிறுவனம் வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஹான்ஸ்புகுரில் இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. அங்கே தாயும் மகனுமே முதன்மையான தூண்கள். 2018-இல் சுபாஷினிக்கு பத்மஸ்ரீ விருது வந்தபோது நாடு முழுவதும் அவர் படம் வெளியானது. சுந்தரவனப் பகுதியிலும் அவர்கள் மருத்துவப் பணியைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சாந்தா அங்கே இன்னும் போய்ச் சேர வேண்டும்.

டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் வடக்கே இரண்டு நிறுத்தம் போனால் காளிகாட். 1952-இல் அன்னை தெரசா அங்கே நிர்மல் ஹிருதயைத் தொடங்கினார். தெருவில் கிடந்து சாகிறவர்கள் ஒரு கட்டிலில், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சாகட்டும் என்பது அதன் கருணை. கல்கத்தாவின் தொண்டு என்றாலே உலகத்துக்கு நினைவுக்கு வருவது அந்த இடம்தான். சுபாஷினி கேட்டது வேறு. அவர் கணவர் நல்லபடியாகச் சாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; செத்திருக்கவே வேண்டாம் என்றார். இந்தக் கோபத்தை முத்துலட்சுமியும் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார். புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலிக்காமல் பதில் சொன்னவர் அவர். இரக்கத்தோடு இப்படி ஒரு கோபமும் சேர்ந்தால்தான் தொண்டு ஆயுள் முழுக்கத் தாங்கும் என்பது இந்த இருவரையும் படித்ததில் எனக்கு உறுதியாகியிருக்கிறது. இரக்கம் மட்டும் இருப்பவர்கள் சில வருஷங்களில் களைத்துப்போவதைப் பார்க்கிறோம். நடந்தது அநியாயம் என்று நம்புகிறவர்கள் களைக்க மறுக்கிறார்கள்.

வாழ்க்கைக்கு ஒரு குறிக்கோளைத் தேடுங்கள் என்று இன்று இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இவர்கள் இருவரும் எதையும் தேடிப் போகவில்லை. ஒரு சாவு வீட்டுக்குள் வந்தது. அதைத் தன் குடும்பத்தின் விதி என்று எடுத்துக்கொள்ளாமல், எல்லோர் வீட்டிலும் நடக்கக்கூடிய, தடுக்கக்கூடிய ஒன்றாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் படிப்பு தேவைப்படவில்லை என்பதற்கு ஒருவரும், படிப்பும் பதவியும் அதை மழுங்கடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னொருவரும் சாட்சி. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், நாட்டுக்குச் செய்ததில் முத்துலட்சுமி என்று தயங்காமல் சொல்வேன். அவர் கட்டியது ஒரு மருத்துவமனையைவிடப் பெரியது. தன்னிடம் இருந்ததில் எவ்வளவு பங்கைக் கொடுத்தார் என்ற கணக்கில் சுபாஷினிக்கு அருகில் வைக்க எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. அடையாற்றுக்கு நன்கொடை அனுப்பும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அது தொடர வேண்டும். ஹான்ஸ்புகுர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு டாக்டரோ, நர்ஸோ, மருந்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்றவரோ இருந்தால், 1993-இல் ஒலிபெருக்கியில் கேட்டதையே நானும் கேட்கிறேன்: வாரத்தில் சில மணி நேரம் கொடுங்கள்.